அருகிருந்து பேணும் கல்வி
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் நின்று பேசுகின்றவர்கள் கற்றுத் துறைபோகிய அறிஞர்களாக இருப்பதே வழக்கம். நாமோ பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவர்கள். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால் கருணை நியமனம் பெற்று இரயில்வேயில் நுழைந்து, துறைத் தேர்வு எழுதி, இன்று இக்கரக்பூரில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து டிக்கெட் கொடுக்கும் எழுத்தராக இருந்து வருகிறோம். இலக்கியத் தலைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். இலக்கியத்தைத் தொட நமக்கு அச்சமாக இருக்கிறது. ஆகையால், நர்ஸிங் பயிலும் எம் மகளிடமிருந்து இம்மூன்று ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். விடுமுறையில் வந்தபோதும் தொலைபேசியிலும் அவள் சொன்னவையே இவ்வுரையின் பெரும்பகுதி. நேரில் வந்து சொல்ல அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

இச்சாளரத்தில் அமர்ந்திருப்பவர்களுக்குக் காட்பாடி என்னும் பெயர் மிகவும் பழகிய பெயராகும். மேதினிபூரிலிருந்தும் பாங்குராவிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் வேலூருக்கு வைத்தியம் நாடிச் செல்கின்றன. எக்ஸ்ரே படங்கள் அடங்கிய பெரிய உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரயில்வே அளிக்கும் கட்டணச் சலுகைக்கான படிவத்தை நீட்டுவார்கள். நாம் முத்திரையைப் பார்ப்போம், கையொப்பத்தைப் பார்ப்போம், டிக்கெட்டை அச்சிட்டுக் கொடுப்போம். அவர்கள் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து நிற்பார். அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் யார் அவர்களைத் தாங்கிப் படுக்க வைக்கிறார்கள், யார் இரவில் விழித்திருக்கிறார்கள் என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. இன்று அந்த மறுமுனையில் எம் மகள் நிற்கிறாள்.

அவள் அங்குப் போய்ச் சேர்ந்த கதையைச் சொன்னால் நம் குறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22 ஆம் நாள் மாலை 5 மணிக்கு நாமெல்லோரும் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று கைதட்டினோம், தட்டைத் தட்டி ஒலி எழுப்பினோம். கொரோனா நோயாளிகளைக் காத்துநின்ற மருத்துவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் நன்றி கூறுவதற்காக அது நடந்தது. நம் துறையும் அவ்வாண்டில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பெட்டிகளை நோயாளிகளுக்கான அறைகளாக மாற்றிக் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டைச் செவிலியர் ஆண்டு என்று முன்னரே அறிவித்திருந்தது. அன்று எம் அருகில் நின்று கைதட்டிய மகளுக்கு வயது 15. இரண்டாண்டு கழித்துப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவுடன், "அப்பா, நான் நர்ஸிங் படிக்கப் போகிறேன்" என்றாள். கைதட்டிய கைகளுக்கு அப்போது என்ன நேர்ந்தது?

எம் தாயார் அழுதார். "பிறத்தியார் அசுத்தத்தை அள்ளுவதற்கா பேத்தியை இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று கேட்டார். இரவு ட்யூட்டிக்குப் போகும் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று உறவினர் வினவினர். எம் மனைவி மட்டும், "அவள் விரும்புவதை அவள் படிக்கட்டும்" என்றார். நாம் இரண்டு வாரம் வாளாவிருந்துவிட்டு, பிறகு பணம் கட்டினோம். கட்டியபின்னும் வெட்கம் போகவில்லை. இக்குடியிருப்பில் யாரேனும் கேட்டால், "பி.எஸ்ஸி. படிக்கிறாள்" என்று சொல்லி, அடுத்த சொல்லை விழுங்கிவிடுவோம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் அதை அறிவீர்கள். அதற்காக இம்மேடையில் வருந்துகிறோம்.

நான்காண்டுப் படிப்பு அது. உடற்கூறு, உடலியங்கியல், ஊட்டம், நுண்ணுயிர் என்று தடித்த புத்தகங்கள். ஆயினும் வார்டில் அவளுக்கு முதலிற் கற்பித்தது கட்டிலுக்கு விரிப்பு விரிப்பது. "இதைப் படிக்கவா நூற்றுக்கணக்கான மைல் போனாய்?" என்று நாம் நகைத்தோம். அவள் சொன்னாள்: "விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் நமக்குத் தெரியாது, அப்பா. புரள முடியாமல் கிடப்பவரின் தோலுக்குத் தெரியும்." அப்போது நாம் அதை ஒரு நல்ல வாசகமாக மட்டுமே கேட்டுக்கொண்டோம். அதன் பொருள் எமக்கு விளங்கியது பின்னர்.

அடுத்துக் கற்றது கை கழுவுதல். அதிலும் ஒரு வரலாறு உண்டு. 1847 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு மடிவதைக் கண்டு மனம் வெதும்பினார். பிணத்தை அறுத்துப் பயின்ற மாணவர்கள் அதே கையுடன் பிரசவ வார்டுக்கு வருவதை அவர் கவனித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று விதித்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் தங்கள் கையே நோயைக் கொண்டுவந்தது என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வரவில்லை. நோயாளியைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும், அவர் கட்டிலைத் தொட்டால்கூட அதன் பின்னும் எம் மகள் கை கழுவுகிறாள். எத்தனை முறை என்று கேட்டோம். எண்ணுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டாளாம்.

மூன்றாவதாக அவள் சொன்னது தான் செய்த ஒரு பிழை. அதை மறைக்காமற் சொன்னாள் என்பதில் எமக்குப் பெருமை. முதியவர் ஒருவரின் நாடியை 15 விநாடி எண்ணி, 18 என்று கண்டு, நான்கால் பெருக்கி 72 என்று எழுதிவிட்டாள். நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பு என்பதால் அவளுக்கு ஐயம் எழவில்லை. மூத்த சிஸ்டர் வந்து, "முழு நிமிடம் எண்ணினாயா?" என்று கேட்டார். இருவரும் சேர்ந்து எண்ணினர். துடிப்பு சில விரைந்தும் சில தயங்கியும் ஒழுங்கின்றி ஓடிற்று. முழு நிமிடத்தில் 96 வந்தது. உடனே மருத்துவருக்குச் செய்தி போயிற்று. சிஸ்டர் கடிந்துகொள்ளவில்லை. "நீ எழுதும் எண்ணை நம்பித்தான் மற்றவர்கள் அடுத்த காரியத்தைச் செய்வார்கள்" என்று மட்டும் கூறினார். அன்றிரவு எம் மகள் உறங்கவில்லை.

இதைக் கேட்டபோது நமக்கு நம் துறையே நினைவுக்கு வந்தது. கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்மேன் வாயாற் சொன்னால் போதுமா? பிரைவேட் நம்பரைக் கொடுத்து, அதை ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமன்றோ? வார்டிலும் அவ்வாறே. ட்யூட்டி மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒப்படைக்கிறார்கள். செய்ததை எழுதுகிறார்கள், எழுதாதது செய்யாததற்குச் சமம். மருந்து கொடுக்கும் முன் ஐந்தைச் சரிபார்க்கிறார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நாமும் டிக்கெட்டில் பெயர், வண்டி, தேதி, வகுப்பு, ஊர் என்று ஐந்தைப் பார்க்கிறோம். நாம் தவறினால் டிக்கெட்டை ரத்து செய்து பணத்தைத் திருப்பலாம். உடம்பினுள் சென்ற மருந்தை எந்தச் சாளரத்தில் திருப்புவது?

நான்காவது செய்தி நம் குடியிருப்புக்கே உரியது. வங்காளத்திலிருந்து வந்த ஓர் அம்மையாருக்கு மறுநாள் அறுவை. மாலையிலிருந்து அவர் யாரையும் அருகில் விடவில்லை. இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்களின் கையை உதறினார். "பொய் லாக்சே, பொய் லாக்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தமிழ் மட்டும் அறிந்த தோழியர், நாம் சொன்னதையெல்லாம் பொய் என்கிறார் போலும் என்று கருதி வருந்தினர். இங்கே பிறந்து வளர்ந்த எம் மகள் அச்சொல்லைக் கேட்டவுடன் நின்றாள். அது பொய்யன்று, பயம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அந்த அம்மையார் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் அருகில் அமர்ந்து, எதற்குப் பயம் என்று வங்காளத்திலேயே கேட்டாள். தாம் இங்கே இறந்துபோனால் தம் மகன் ஒருவனாக நின்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உடலை எப்படிக் கொண்டுபோவான் என்பதே அவருடைய அச்சம். அறுவையின் வலியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நீ என்ன ஆறுதல் சொன்னாய்?" என்று கேட்டோம். "ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை, அப்பா. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சிஸ்டரிடம் சொன்னேன். மருத்துவர் வந்து உட்கார்ந்து என்ன செய்யப் போகிறார்கள் என்பதை விளக்கினார். நான் அதை அவர் மொழியில் சொன்னேன். பிறகு மகனை உள்ளே அழைத்து அருகில் உட்கார வைத்தோம். அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார்." அந்த அம்மையாரின் பெயர் என்ன, எந்த ஊர் என்று ஆவலுடன் வினவினோம். நம் சாளரத்தில் டிக்கெட் வாங்கியவராகவும் இருக்கலாமல்லவா? "அதைச் சொல்லக்கூடாது, அப்பா" என்று முடித்துவிட்டாள்.

அன்பர்களே! இதுவரை சொன்னவை கேள்விப்பட்டவை. இனிச் சொல்லப்போவது எம் வீட்டுக் கூடத்தில் கண்டது.

சென்ற ஆண்டு எம் தாயாருக்குப் பக்கவாதம் கண்டு வலப்பக்கம் செயலற்றுப் போயிற்று. பேச்சு குழறியது, அறிவு தெளிவாகவே இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவந்தோம். நாமும் எம் மனைவியும் குறைவில்லாமற் பார்த்துக்கொண்டோம் என்றே நம்பியிருந்தோம். நல்ல மெத்தை வாங்கினோம். "தூங்கட்டும், எழுப்பாதே" என்று பிள்ளைகளை அதட்டினோம். படுத்தபடியே கஞ்சி ஊட்டினோம். இருமினால் முதுகைத் தடவினோம். பார்க்க வந்தவர்கள் சூழ்ந்திருக்கும்போதே உடம்பு துடைத்தோம். நாளாக ஆகத் தண்ணீர் வேண்டாமென்று உதட்டை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினார். "முதுமையின் பிடிவாதம்" என்றோம்.

நான்கு மாதம் கழித்து மகள் விடுமுறையில் வந்தாள். பையை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு பாட்டியின் அருகே போய் அமர்ந்தாள். "பாட்டி, ஒரு பக்கமாகத் திருப்பட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகே தொட்டாள். கூடத்திலிருந்தவர்களை வெளியே அனுப்பினாள்; பழைய புடைவை ஒன்றைத் திரையாகக் கட்டினாள். சற்று நேரத்தில் எம்மை உள்ளே அழைத்தாள். இடுப்பின் கீழ் எலும்பு மேடிட்ட இடத்தில் உள்ளங்கையளவு தோல் கரைந்து புண்ணாகியிருந்தது. குதிகால் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. எழுப்பாதே, எழுப்பாதே என்று நாம் காட்டிய அன்பு அங்கே புண்ணாகக் கிடந்தது. விரிப்பின் சுருக்கம் தோலுக்குத் தெரியும் என்று அவள் சொன்னதன் பொருள் அன்று எமக்கு விளங்கிற்று.

அவள் எம்மைக் குறை கூறவில்லை. மருத்துவரை அழைத்துப் புண்ணைக் காட்டினாள். அவர் சொன்ன முறைப்படி கட்டு மாற்றினாள். இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்ற வேண்டும் என்றாள். அதற்கு நாம் ஒரு கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினோம்: இரவு 10 மணிக்கு இடப்பக்கம், 12 மணிக்கு மல்லாந்து, 2 மணிக்கு வலப்பக்கம். வாழ்நாளில் நாம் எழுதிய அட்டவணைகளில் அதுவே பயனுள்ளது. கெண்டைக்காலின் கீழ்த் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையிற் படாமற் செய்தாள். காற்றடைத்த வளையத்தின்மேல் உட்கார வைத்திருந்தோம். அது சுற்றிலும் அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்று எடுத்துவிட்டாள். சிவந்த இடத்தைத் தேய்க்கலாகாது என்றாள். நிமிர்த்தி உட்கார வைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சிறு கரண்டியால் ஊட்டினாள். உண்டபின் அரைமணி நேரம் படுக்க விடவில்லை. இருமல் நின்றது.

தண்ணீர் மறுப்பது மட்டும் நிற்கவில்லை. மகள் இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் எம் தாயாரின் காதருகே குனிந்து, "பாட்டி, தாகமில்லாமலா வேண்டாம் என்கிறீர்கள், அல்லது பெட்பான் வைக்க வேண்டியிருக்குமே என்றா?" என்று கேட்டாள். எம் தாயார் கண்களை மூடிக்கொண்டார். இமையோரத்தில் நீர் வழிந்தது. மகன் கையாலும் மருமகள் கையாலும் அந்தப் பணியை நாளுக்கு ஆறு முறை செய்வித்துக்கொள்ள நாணி, அவர் நான்கு மாதமாகத் தாகத்தை அடக்கியிருந்தார். நாம் அதைப் பிடிவாதம் என்றோம்.

மகள் கதவைச் சாத்தினாள். குறித்த நேரங்களில் தானே வந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே, போர்வையை விலக்காமல் அப்பணியைச் செய்தாள். அதன் பிறகு எம் தாயார் டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தார். எம் மனைவியும் நாமும் அந்த முறையைக் கற்றுக்கொண்டோம். அவள் மீண்டும் ஊருக்குப் புறப்பட்ட நாளில், எம் தாயார் குழறும் நாவால் கேட்டார்: "அங்கே இருப்பவர்களையும் இப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்க்கிறாயா?" "ஆமாம் பாட்டி, திரை இழுத்துவிட்டுத்தான்" என்றாள். "அப்படியானால் சரி. போய்வா" என்றார். பிறத்தியார் அசுத்தம் என்று மூன்றாண்டுகளுக்கு முன் அழுதவர் சொன்ன விடை அது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள், அதாவது 950 ஆம் குறள், வைத்தியத்திற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறது. நோயாளி ஒருவர், தீர்ப்பவர் ஒருவர், மருந்து ஒன்று. நான்காவதாக, அருகிருந்து அதனைச் செய்பவர். இந்நால்வரையும் வள்ளுவர் ஒரே வரிசையில் வைத்தார். நாமோ நான்காமவரை வாசலில் நிறுத்திவைத்தோம். 1854 ஆம் ஆண்டில் 38 நர்ஸுகளுடன் போர்க்கள மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், 1860 இல் லண்டனில் பயிற்சிப் பள்ளி கண்டதும், இரக்கம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்று உணர்ந்தமையால்தான். நம் நாட்டில் 1946 ஆம் ஆண்டிலேயே டில்லியிலும் வேலூரிலும் நர்ஸிங் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. 1947 இல் இந்திய நர்ஸிங் கவுன்சிலுக்கான சட்டமும் வந்தது. சட்டம் ஏற்ற பெருமையை நம் கூடங்கள் இன்னும் ஏற்காமலிருப்பது முறையா?

எமக்கு இரக்கம் இருந்தது. தாயின்மேல் அன்பு இருந்தது. அவ்விரண்டையும் வைத்துக்கொண்டே அவர் முதுகிற் புண் வரச் செய்தோம். நோயாளி வாய்விட்டுச் சொல்லாததைக் கண்டறியும் கல்வி எம்மிடம் இல்லை. அது பிறவியில் வருவதென்று நினைத்திருந்தோம். அது கற்றுக்கொள்ளத்தக்கது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் நாமே கற்றுக்கொண்டோம்.

ஆகவே இச்சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, நம் வீட்டுப் பெண் நர்ஸிங் படிக்க விரும்பினால் தடை சொல்லாதீர்கள். பையன் விரும்பினாலும் அவ்வாறே. இரண்டாவது, எம் மகள் அடுத்த விடுமுறையில் வரும்போது, இக்குடியிருப்பிலுள்ள நர்ஸுகளின் துணையுடன், படுக்கையிலிருப்பவரைத் திருப்புவது, ஊட்டுவது, நாடி பார்ப்பது ஆகியவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்திலேயே சொல்லிக்கொடுக்க இசைந்திருக்கிறாள். ஆண்களும் வரவேண்டும், இரவு 2 மணி முறை பெரும்பாலும் நம்முடையதே. மூன்றாவது, சங்க அலமாரியில் நூல்களுக்குப் பக்கத்தில், ஒரு சக்கர நாற்காலி, பெட்பான், இரத்த அழுத்தக் கருவி, வெப்பமானி, நான்கு தலையணைகள், ஒரு மடக்குத் திரை ஆகியவற்றை வாங்கி வைத்து, வேண்டியவர்களுக்கு இரவல் கொடுக்க வேண்டும். எம் தாயார் பயன்படுத்திய சக்கர நாற்காலியை முதற் பொருளாக இன்று கொண்டுவந்திருக்கிறோம். மேடையின் ஓரத்தில் இருப்பது அதுதான்.

எம் தாயார் சென்ற தை மாதத்தில் காலமானார். கடைசியாக நீராட்டிய பெண்கள் வெளியே வந்து, முதுகில் ஒரு புண்ணும் இல்லை என்றார்கள். அச்செய்தியைத் தொலைபேசியில் மகளுக்குச் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அட்டவணையை எடுத்துவிடாதீர்கள் அப்பா, யாருக்காவது வேண்டியிருக்கும்" என்றாள். அதைப் படியெடுத்துச் செயலாளர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம்.

எம் மகள் பி.எஸ்ஸி. நர்ஸிங் படிக்கிறாள் என்பதை முழுமையாகச் சொல்லி அமர்கிறோம்.